சுவை: நன்று

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. பழைய இடத்திலிருந்து யாராவது போன் செய்தால், ஏதாவது அலமாரிச் சாவி எங்கே என்று கேட்பதற்காகத்தான் இருக்கும். சென்ற மாதம் ஷீத்தல் கேட்டது சாவி அல்ல. செம்பூருக்கும் டிராம்பேக்கும் நடுவில் உள்ள ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் நான் முப்பத்திரண்டு வருடம் மேற்பார்வையாளனாக இருந்தேன். என் நாற்காலியில் இப்போது இருப்பவர் அவர். இந்தியில் பேசினார், தமிழில் தருகிறேன்.

"சார், ரிஜிஸ்டரெல்லாம் போயாச்சு. எல்லாம் மொபைல்லதான். எல்லாக் கட்டத்துலயும் 'திருப்தி'ன்னு அதுவே போட்டு வச்சிருக்கும், நாம அமுக்கினா போதும். ஆனா 'சுவை' கட்டம் மட்டும் தொல்லை. பரிமாற முப்பது நிமிஷம் முன்னாடி அமுக்கலைன்னா சிவப்பாயிடுது. மேல வரைக்கும் மெசேஜ் போகுது. இந்த முப்பது நிமிஷத்தை யாரு சார் வச்சது? பழைய சர்க்குலர்ல உங்க பேரு இருக்கு. எடுத்துடலாமா?"

ஒரு வாரத்தில் எழுதித் தருகிறேன் என்றேன். அலுவலகக் குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன், வந்தது இது.

நான் மாட்டுங்காவில் வளர்ந்தவன். கேக் வாங்கி வந்தால், அதில் முட்டை உண்டா என்று வாசலிலேயே நிறுத்தி விசாரணை நடத்தும் வீடு எங்களுடையது. ரசாயனத்தில் பட்டம், உணவுப் பரிசோதனையில் டிப்ளமோ. வேலைக்கான நேர்முகத்தில், "மீன், இறைச்சி கையாள ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார்கள். "கையாள ஆட்சேபம் இல்லை" என்றேன். நான் ஒரு சொல்லை அழுத்திச் சொன்னேன். அவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

பயிற்சி என்று ஆறு வாரம் விடியற்காலையில் மீன் துறைக்கு அனுப்பினார்கள். வஞ்சிரம் என்று சென்னையிலும், நெய்மீன் என்று தெற்கேயும், சுர்மை என்று இங்கேயும் சொல்கிற மீனைப் பற்றி அங்கே கற்க வேண்டியதைக் கற்றேன். அது இரண்டு விதமாகப் பிடிபடுகிறது. தூண்டிலில் சிக்கிய மீன் உயிரோடு படகேறி, உடனே ஐஸில் படுக்கிறது. வலையில் செவுள் மாட்டிய மீன் தண்ணீருக்குள்ளேயே செத்து, வலையை இழுக்கும் வரைக்கும் தொங்குகிறது. இரண்டும் ஒரே தட்டில் ஒரே விலைக்குப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். வெப்பமானி எங்கே குத்த வேண்டும், வயிற்றை எத்தனை அழுத்தம் அழுத்த வேண்டும், மூக்கை வயிற்றுப் பக்கம் கொண்டுபோகாமல் ஏன் செவுளுக்குள் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மீனைப் பற்றி எனக்குத் தெரியாதது அதன் ருசி ஒன்றுதான்.

புதன்கிழமை சுர்மை நாள். சமைப்பவர் மரியபுஷ்பம். கன்னியாகுமரிப் பக்கம் கடலோரக் குடும்பம். சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியில் வீடு. எங்களுக்குப் புஷ்பம்மா, மராத்தித் தொழிலாளர்களுக்குப் புஷ்பா பாய். நான் சேர்ந்த அதே வருடம் தற்காலிகச் சமையலராக வந்தவர். பதினோரு வருடம் கழித்தும் தற்காலிகமாகவே இருந்தார். பணி நிரந்தரத்துக்கான கோப்பு நலத்துறை மேலாளர் மேசையில் இருந்தது.

அவர் மீன் கழுவுவதை ஒரு ரசாயன மாணவனுக்குரிய மரியாதையோடு நான் கவனித்திருக்கிறேன். சுர்மைக்குச் செதில் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பொடியாக உண்டு. கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைக்கு ஒரே சீராக வழிப்பார். வழவழப்பும் அதோடு போய்விடும். செவுளை இரண்டு பக்கமும் அறுத்துக் குடலோடு சேர்த்து ஒரே இழுப்பில் எடுப்பார். வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு ரத்தக் கோடு இருக்கும். தேக்கரண்டி முனையால் அதைச் சுரண்டாமல் விட்டால் குழம்பு முழுக்கக் கசப்பு ஏறும். கழுவுவது அப்போதுதான், முழு மீனாக, ஐஸ் போட்ட தண்ணீரில். அதற்குப் பிறகு விரல் பருமனில் வளையம் வளையமாகத் துண்டு. வெட்டிய துண்டை யாராவது தண்ணீரில் போட்டால் தொலைந்தார்கள்.

"ஆயுசுக்கும் தண்ணியிலதான கெடந்துச்சு அது? இன்னும் எதுக்குவே முக்குத?"

மிளகாய், மஞ்சள், மிளகு, பூண்டு, கெட்டியான புளி. அரைமணி ஊறல். கொங்கணத்துக்காரர்களுக்காக ரவையில் புரட்டிப் பொரிக்க வேண்டும். புஷ்பம்மாவுக்கு அது பிடிக்காது. "மீனுக்கு எதுக்கு சாரு சட்டை?" என்பார். ஆனாலும் போட்டுவிடுவார். ஒரு தடவைதான் திருப்புவார். இரண்டாவது தடவை திருப்புகிறவனுக்கு மீன்மீது நம்பிக்கை இல்லை என்பது அவர் கருத்து.

பதினொன்றரைக்குச் சுவைப் பதிவேடு. ஒவ்வொரு பண்டத்தையும் மேற்பார்வையாளர் சுவைத்துப் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்பது விதி. தோற்றம், மணம், சுவை என்று மூன்று கட்டம். தோற்றமும் மணமும் நான் பார்த்தேன். சுவைக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அதை நாங்கள் ஒருபோதும் பேசி முடிவு செய்யவில்லை. முதல் புதன்கிழமை அவர் ஒரு துண்டைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். நான் தட்டைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "சரி, எழுதுங்க" என்று சொல்லி, எலும்போரச் சதையைப் பிட்டு வாயில் போட்டு, மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடி மென்றார். "ம்" என்றார். நான் "நன்று" என்று எழுதினேன். அப்புறம் பதினோரு வருடம் அவர் நாக்கு, என் பேனா.

தவக்காலத்தில் மட்டும் ஒரு சிக்கல். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் அவர் மீன், கறி தொடமாட்டார்; சமைப்பார், வாயில் வைக்கமாட்டார். அப்போது உதவிச் சமையலர் கண்பத் சுவைப்பார். கொங்கணத்து ரத்னாகிரிக்காரர். எதைக் கொடுத்தாலும் "மஸ்த்", பிரமாதம் என்பார். உப்பே போடாத குழம்புக்கும் ஒரு தடவை "மஸ்த்" சொல்லி, புஷ்பம்மாவிடம் கரண்டியால் வாங்கியிருக்கிறார். ஆனால் அவருக்கும் நாக்கு இருந்தது.

இங்கே வாழ்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொங்கணத்துக்காரனை ஹோலிக்கு, அவர்கள் சொல்கிற ஷிம்காவுக்கு, ஊருக்குப் போகாமல் யாராலும் தடுக்க முடியாது. அந்த ஹோலியும் தவக்காலத்தில்தான் வருகிறது. மற்ற வருடங்களில் ஷிம்கா வாரம் மீனை நிறுத்தி முட்டை போட்டுவிடுவோம். அந்த வருடம் கேன்டீன் கமிட்டி, "பண்டிகை வாரத்தில் முட்டையா?" என்று கேட்டது. சுர்மை போட்டோம்.

பண்டிகைக்கு உள்ளூர்ப் படகுகள் கரையில் நின்றன. எங்கள் சப்ளையர் எங்கோ தூரத்திலிருந்து வரவழைத்த மீனை டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். புது ஐஸ், பெட்டி பளபள. நான் மிகத் தடித்த மீனின் முதுகில் வெப்பமானியைக் குத்தினேன்.

"மூணு டிகிரி" என்றேன், திருப்தியாக.

புஷ்பம்மா ஒரு மீனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "எனக்கு இது பிடிக்கல சாரு. கண்ணப் பாருங்க, ரத்தம் கட்டிக் கெடக்கு. செவுளுக்குப் பொறத்தால வலத் தடம் எவ்வளவு ஆழமா பதிஞ்சிருக்கு பாருங்க. இது செத்து ரொம்ப நேரம் தொங்குன மீனு."

"நாத்தம் இல்லையே. டிகிரியும் மூணுதான்."

"இப்பம் மூணு. நேத்து எத்தனன்னு அந்தக் குச்சிகிட்ட கேளுங்க."

"நேத்தைக்குப் படிவத்துல கட்டம் இல்லை, புஷ்பம்மா."

இதை நான் நகைச்சுவையாகச் சொன்னதாக நினைவு. அவர் சிரிக்கவில்லை. மீனை இறக்கிக்கொண்டோம்.

பதினொன்றரைக்குப் பதிவேட்டைத் திறந்தேன். கண்பத் ஊரில். புஷ்பம்மா நோன்பில். நான் நானாக. "வாசன நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர், கொஞ்சம் தயங்கி. நான் எழுதினேன். தோற்றம்: நன்று. மணம்: நன்று. சுவை: நன்று.

பன்னிரண்டு மணிக்கு முதல் பந்தி. முக்கால் மணி கழித்து லேத் பிரிவு ஆள் ஒருவர் முகம் செங்கல்லாகச் சிவந்து வந்து நின்றார். "புஷ்பா பாய், ஆஜ் கித்னா மிர்ச்சி டாலா?" எவ்வளவு மிளகாய் போட்டாய் என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவருக்குப் பின்னால் வந்த நான்கு பேர் சிரிக்கவில்லை. தலைவலி, படபடப்பு, உடம்பெல்லாம் அரிப்பு. இரண்டாம் பந்தியை நிறுத்தினேன். அதற்குள் ஆலை மருந்தகத்தின் பெஞ்சு நிறைந்துவிட்டது. ஊசி போட்டதும் மாலைக்குள் எல்லோரும் தெளிந்தார்கள், ஒருவரைத் தவிர. பவார் என்ற பெயிண்டருக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் மூன்றாம் நாள்தான் அது நிச்சயமாயிற்று. அந்த மூன்று நாளை நான் இன்றும் மறக்கவில்லை.

என்ன நடந்தது என்று எனக்கு அந்த மதியமே தெரியும். படித்திருக்கிறேன். சுர்மை மாதிரி மீன் வெயிலில் கிடந்தால் அதன் சதையில் ஹிஸ்டமின் உண்டாகிறது. அப்புறம் ஐஸ் வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. நாற்றமும் வராமல் இருக்கலாம். வெப்பமானிக்கு அது தெரியாது, மூக்குக்கும் தெரியாது. நாக்கில் பட்டால் பல நேரம் தெரியும். மிளகைக் கடித்தது போலச் சுருக்கென்று இருக்கும். நான் செய்த எல்லாச் சோதனையும் அதைக் கண்டுபிடிக்க முடியாதவை. கண்டுபிடிக்க வழியிருந்த ஒரே சோதனையை நான் செய்யவில்லை.

யூனியனுக்கு ஒரு பெயர் வேண்டும். நிர்வாகத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். இரண்டு நாளில் அறிக்கையின் வரைவு சுற்றுக்கு வந்தது. பதினொன்றரைக்கு மேற்பார்வையாளர் சுவைத்து "நன்று" எனப் பதிந்திருப்பதால், மீன் அதுவரை நல்ல நிலையில் இருந்தது. அதன் பிறகு சமையலரின் கவனக்குறைவால் கெட்டிருக்க வேண்டும். தற்காலிகச் சமையலரை விலக்கலாம். இதை இரண்டு முறை படித்தேன். தர்க்கத்தில் பிழையே இல்லை. என் கையெழுத்துதான் சாட்சி.

புஷ்பம்மா பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றிருந்தார். அவரிடம் விசாரணை முடிந்திருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மீனு வந்தப்பவே சந்தேகம்னு சொன்னேன். எழுதிக் குடுத்தியான்னு கேட்டாவ. எனக்கு எங்க எழுதத் தெரியும்?"

"நான் சுவைக்கிறதில்லேன்னு சொல்லலையா?"

"அதச் சொன்னா சாருக்கு வேல போவும். நான் நோன்புல ருசி பாக்கலன்னு எனக்கும் போவும். ஒரு ஆளுக்குப் போறது பத்தாதா? என்னத்துக்கு ரெண்டு?" பாத்திரத்தைக் கவிழ்த்தார். "எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைய சாரு. நிரந்தரம் ஆச்சுன்னா இந்த வருசமாவது சீத்தா கேம்ப்ல கூரைய மாத்தலாம்னு இருந்தேன். அவ்வளவுதான்."

நான் அன்று மாலை வீரமாக எதுவும் செய்யவில்லை. படித்தவன் செய்வதைச் செய்தேன். ஒரு குறிப்பு எழுதினேன். ஹிஸ்டமின் எப்படி உருவாகிறது, சமையலறையில் அரைமணியில் அது ஏன் உருவாக முடியாது, எனவே குற்றம் சப்ளையருடையது என்று இரண்டு பக்கம். என்னைப் பற்றி ஒரு சொல்லும் வராமல் அவரைக் காப்பாற்றிவிடும் குறிப்பு. அழகான ஆங்கிலம். எனக்கே பிடித்திருந்தது.

நலத்துறை மேலாளர் பாட்கர் சாகேப். உயரமில்லாத, குரல் உயராத மனிதர். எந்தக் காகிதத்தையும் கீழேயிருந்து மேலே படிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு தேதி, பிறகு கடைசி வரி. ஒரு தடவை காரணம் கேட்டேன். "மேலேருந்து படிச்சா எழுதினவன் என்ன சொல்ல நினைக்கிறான்னு தெரியும். கீழேருந்து படிச்சா எதைச் சொல்லாம தாண்டறான்னு தெரியும்" என்றார். பேனாவை மூடியோடுதான் கையில் வைத்திருப்பார். யாருடைய காரியமாவது முடிவாகும்போது மட்டும் மூடி திறக்கும். எதிரில் இருப்பவருக்கு டீயும் ஒரே ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டும் வரும். அது மரியாதையா எச்சரிக்கையா என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு டீ வந்தது. பிஸ்கட் வந்தது. குறிப்பைக் கீழேயிருந்து மேலே படித்து முடித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க, ராம்நாதன். இங்க ஒரு வரி. 'இத்தகைய மீனை வாயிலிட்டால் நாக்கில் சுருக்கென்று உறைக்கும்; எவரும் உணரலாம்.' சரிதானே?"

"சரிதான், சார்."

இழுப்பறையிலிருந்து சுவைப் பதிவேட்டை எடுத்து என் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்து?"

"ஆமாம்."

"உறைச்சுதா, இல்லையா?"

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. உறைக்கவில்லை என்றால், பதினொன்றரை வரை மீன் நல்ல மீன். புஷ்பம்மா வீட்டுக்குப் போக வேண்டும். உறைத்தது என்றால், தெரிந்தே பரிமாறினேன். இரண்டு பதிலையும் நானே எழுத்தில் தயார் செய்து வைத்திருந்தேன். மூன்றாவது பதிலுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

"நான் சுவைக்கவில்லை, சார்."

"அன்னிக்கா?"

"பதினோரு வருஷமா."

பேனா மூடி திறந்தது. அப்படியே திரும்ப மூடியது. "மீன் மட்டுமா?"

"மட்டனும்."

"முட்டை?"

"முட்டையும்."

"பருப்பு?"

"பருப்பு பார்ப்பேன், சார்."

"பருப்புல யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்ல" என்றார் பாட்கர். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பிறகு, "பிஸ்கட் சாப்பிடுங்க. அதுல முட்டை கிடையாது. நான் கேட்டு வச்சிருக்கேன்" என்றார். எத்தனை வருடமாகக் கேட்டு வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

அறிக்கை மாறியது. சப்ளையர் பட்டியலிலிருந்து போனார். என் ஊதிய உயர்வு மூன்று வருடம் தள்ளிப்போயிற்று. இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கலாம். புஷ்பம்மாவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை, அந்த மழைக்காலத்தில் நிரந்தர ஆணை. எனக்கு வாய்மொழியாக இன்னொன்று: "திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க. சுவைக்கறீங்களா, இல்ல ஸ்டோருக்குப் போய் போல்ட்டு எண்ணறீங்களா?" இன்று ஒரு மேலாளர் இப்படிக் கேட்டால் யூனியன் சண்டைக்கு வரும். வர வேண்டியதுதான். சுவைக்கத் தெரிந்த வேறொருவரின் பெயரைப் பதிவேட்டில் நேர்மையாக எழுத வழி செய்திருக்கலாம். ஆனால் பதினோரு வருடத்தில் அந்த வழியைக் கேட்காதவன் நான்தான். அன்று எனக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை.

அடுத்த புதன்கிழமை, பதினொன்றரை. தவக்காலம் முடியவில்லை. புஷ்பம்மா தட்டை என் பக்கம் தள்ளினார். இந்தத் தடவை இரண்டு துண்டு.

"ஃபாதர்கிட்ட கேட்டுட்டு வந்தேன். நாக்குல வச்சிட்டுத் துப்புனா நோன்பு முறியாதாம்."

"எனக்கு எந்த ஃபாதர்கிட்டப் போய்க் கேக்கறது?"

"உங்களுக்கும் சேத்துதான் கேட்டேன்."

கைகழுவும் தொட்டிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். சுண்டுவிரல் நகமளவு பிட்டு நாக்கில் வைத்தேன். உப்பு, மிளகாய், புளி. தெரிந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால், மெதுவாக, இலேசான ஓர் இனிப்பு. அது இருக்கும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. துப்பினேன். அவரும் துப்பினார். இரண்டு பேரும் வாய் கொப்பளித்தோம்.

"என்ன சாரு?"

"உப்பு கம்மி."

அவர் மின்விசிறியைப் பார்த்து யோசித்தார். "ஆமா. கம்மிதான்" என்றார், கொஞ்சம் கோபமாக.

"சுவை: உப்பு குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதிவேடு மேலே போய்த் திரும்பியபோது, கையெழுத்துக்குப் பக்கத்தில் பாட்கர் சாகேபின் ஒரு சிறிய டிக் இருந்தது. கீழேயிருந்து படிப்பவருக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டிருக்கும்.

பிறகு இருபத்தோரு வருடம் ஒவ்வொரு புதனும் சுவைத்தேன், துப்பினேன், ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்குப் போனேன். ஏலக்காய் எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று என் மனைவி இன்றும் நம்புகிறாள். இதைப் படிக்கும்போது நம்பிக்கை கொஞ்சம் குறையலாம்.

முப்பது நிமிடத்தை வைத்தது நான்தான். பழைய விதியில் நேரமே இல்லை. "பரிமாறும் முன்" என்று மட்டும் இருந்தது; பதினொன்றரை என்பது எங்கள் வழக்கம். நானூறு துண்டு மீனை நிறுத்தி, தட்டுகளைத் திரும்ப எடுத்து, கூடுதலாகப் பருப்பு வைக்க எங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று புஷ்பம்மாவோடு ஒரு நாள் செய்தே பார்த்தோம். முப்பது நிமிடம் ஆயிற்று. அதற்குக் குறைவாக இருந்தால் சுவைத்துப் பயனில்லை. தெரிந்துகொண்டு வேடிக்கை பார்க்கலாம்.

இதையெல்லாம் சுருக்கி ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, நேற்று ஷீத்தலுக்குப் போன் செய்தேன். புதன்கிழமை. மணி பன்னிரண்டு ஐந்து. திரையில் எல்லாம் பச்சையாக இருப்பதாகச் சந்தோஷமாகச் சொன்னார்.

"நல்லது. இன்னிக்கு சுர்மைல உப்பு எப்படி இருந்துது?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. யாரோ டோக்கன் எண்ணைக் கூவினார்கள். ஷீத்தல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடம் நான் அதை "நன்று" என்று எழுதியிருக்கிறேன்.